விதிச் சண்டையும் விதண்டாவாதமும்: எங்கள் கேமிங் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்திலிருந்து திருவொற்றியூர் வரை சிதறிக் கிடக்கும் சென்னைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் டிஸ்கார்ட் (கேமர்கள் கூடிப் பேசும் செயலி) குழு இது. வார நாட்களில் வாலரண்ட், சிஎஸ்2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2) என்ற சுடும் ஆட்டங்கள். சனிக்கிழமை இரவு பிஜிஎம்ஐ என்ற மொபைல் ஆட்டத்தில் கஸ்டம் ரூம் (நாங்களே நடத்தும் தனி மேட்ச்). கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்டுக்கு எந்நேரமும் ஓடும் ஒரு சர்வர், நடுநடுவே செஸ். அட்மின்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆபீஸோ காலேஜோ முடிந்து வந்து பார்ப்பவர்கள்தான். அவர்களுக்கு ஆட்டத்தை நடத்த ஆகும் நேரத்தைவிட விதியைப் பற்றிய சண்டையைத் தீர்க்க ஆகும் நேரம் அதிகம். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். முடிவுகள் குழுவுடையவை. கொஞ்சம் காரமாகத் தெரியும் இடங்கள் என்னுடையவை.

விதியைப் பற்றிக் கேள்வி கேட்டாலே விதண்டாவாதமா?

இல்லவே இல்லை. கேள்வி கேட்பவர்கள் இல்லாவிட்டால் எங்கள் விதிகளில் பாதி இன்னும் உளறலாகத்தான் இருந்திருக்கும்.

செஸ்ஸில் ஓர் உதாரணம். ஒருவரிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும் இருக்கின்றன. எதிராளியிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். சிப்பாய் வைத்திருப்பவருக்கு நேரம் தீர்ந்துவிட்டது. செஸ்.காமில் இது டிரா, ஏனென்றால் மேட் செய்ய ஒற்றைக் குதிரை போதாது என்பது அந்தத் தளத்தின் கணக்கு. லிசெஸில் குதிரைக்காரருக்கு வெற்றி. விதிக்கு உட்பட்ட ஏதோ ஒரு நகர்த்தல் வரிசையில் மேட் வரச் சாத்தியம் இருந்தாலே போதும் என்கிற ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதியை ஒட்டி அது தீர்ப்பு சொல்கிறது. ஒரு தளத்தில் பழகியவர் இன்னொன்றில் ஆடிவிட்டு “இது என்னங்க அநியாயம்” என்று கொதித்தால் அதில் நியாயம் இருக்கிறது. எந்தத் தளத்தில் ஆடுகிறோமோ அதன் முடிவே செல்லும் என்று நாங்கள் சொன்னதும், சரி என்று முனகிக்கொண்டே அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவார். பதில் கிடைத்தது, கேள்வி முடிந்தது.

விதண்டாவாதத்தில் பதில் கிடைத்ததும் கேள்வி மாறிவிடும்.

ஒருவர் உண்மையாகவே கேட்கிறாரா, வம்புக்குக் கேட்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

கோபத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நியாயமான குறை உள்ளவர்தான் பெரும்பாலும் அதிகமாகக் கத்துவார். விதண்டாவாதத்தில் தேர்ந்தவரோ “ப்ரோ, நான் மரியாதையாத்தானே கேட்கிறேன்” என்று தேன் ஒழுகப் பேசுவார். பேச்சின் நீளத்தை வைத்தும் சொல்ல முடியாது. சிலர் எதையுமே நீளமாகத்தான் எழுதுவார்கள், அது அவர்கள் சுபாவம்.

நாங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். முதல் கேள்வி: “என்ன காட்டினால் ஒத்துக்கொள்வீர்கள்?” உண்மையான ஆள் யோசித்துவிட்டு “அந்த ரவுண்டு ரெக்கார்டிங் இருந்தா காட்டுங்க” என்பார். மற்றவர் அதையே கேட்பார், ஆனால் காட்டியதும் அது எடிட் செய்தது என்பார். முழு ரீப்ளேயைக் கொடுத்தால், ஏன் என் ரீப்ளேயை மட்டும் எடுத்தீர்கள் என்பார். எல்லோருடையதையும் எடுத்தோம் என்றால், எங்களைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று பிரைவசிக்குத் தாவிவிடுவார். மூன்று பதிலுக்கு மூன்று வாதம், எதுவும் முந்தையதோடு ஒட்டாது.

இரண்டாவது கேள்வி: “இதே காரியத்தை எதிர் டீம் செய்திருந்தால் உங்கள் வாதம் இதுதானா?” இதற்கு “ஆமாம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் நிஜமாகவே எதிர் டீம் அதைச் செய்தபோதும் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்ன விளக்கத்தை ஏற்று விதியையே திருத்தியிருக்கிறோம். பெரும்பாலானவர்கள் “அது வேற, இது வேற” என்று ஆரம்பிப்பார்கள்.

“அப்படி ஒரு விதி எழுதவே இல்லையே!” எழுதாத விதிக்குத் தண்டனை கொடுக்கலாமா?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் மைன்கிராஃப்ட் சர்வரில் முதலில் இருந்த விதி: “அடுத்தவர் கட்டியதை உடைக்கக் கூடாது.” ஸ்பான் (எல்லோரும் ஆட்டத்துக்குள் வந்து இறங்கும் இடம்) பக்கத்தில் இடத்தகராறு ஒன்று வந்தது. ஒரு பெண் பல வாரம் உட்கார்ந்து கட்டிய நூலகத்தின் முன்பக்கச் சுவர் ஒருநாள் காணாமல் போயிருந்தது. எந்தக் கட்டையை யார் வைத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று குறித்து வைக்கும் கோர்ப்ரொடெக்ட் என்ற ப்ளகின் எங்களிடம் உண்டு. அதில் பார்த்தால் உடைத்தவர் பெயருக்குப் பதில் கிரீப்பர் என்று இருந்தது. வெடிக்கும் அந்தப் பச்சைப் பூதம் தானாக அங்கே வரவில்லை. தகராறில் இருந்த ஆசாமி அதைத் தன் பின்னால் வரவைத்து, ஆற்றைச் சுற்றி நடத்திக்கொண்டுபோய், சுவரோரம் நின்று வெடிக்கவிட்டுவிட்டு ஓடியதை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

அவர் வாதம் இப்படிப் போனது. “நான் உடைக்கலை, கிரீப்பர்தான் உடைச்சுது. லாக்லயே இருக்கு பாருங்க.” நீங்கள்தானே கூட்டிவந்தீர்கள் என்றால், “கிரீப்பரைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?” நோக்கம் என்ன என்றால், “என் மனசுல இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?” மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் கெட்டிக்கார வாதங்கள்தான். ஆனால் மூன்றில் ஒன்றுகூட “அந்தச் சுவர் போனதில் எனக்குச் சம்பந்தம் இல்லை” என்று சொல்லவில்லை. அதைக் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் அட்மினுக்குக் கை துறுதுறுக்கும். “கிரீப்பரை அழைத்து வரக் கூடாது” என்று உடனே ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் அடுத்த வாரம் லாவா ஊற்றுவார்கள். லாவாவைத் தடுத்தால் மரவீட்டுக்குப் பக்கத்தில் தீ மூட்டுவார்கள். தடுக்கில் பாய்ந்தால் கோலத்தில் பாய்கிற ஆட்களுக்கு நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அடுத்து எங்கே பாயலாம் என்று காட்டும் வழிகாட்டிப் பலகை. அப்புறம் விதிப் பட்டியல் நீண்டுகொண்டே போகும், புதிதாக வருகிற நல்ல பிள்ளை அதைப் பார்த்து மிரண்டு ஓடும், வம்புக்காரர் மட்டும்தான் அதை வரிக்கு வரி படிப்பார்.

ஆகவே பட்டியலை நீட்டவில்லை, வரியையே மாற்றினோம்: “அடுத்தவர் உழைப்பை வேண்டுமென்றே கெடுக்காதீர்கள், எந்த வழியிலும்.” மனசில் இருப்பது எங்களுக்குத் தெரியாதுதான். ஆற்றைச் சுற்றி நடந்த நடை தெரியும்.

அதற்கு செட்டிங்கிலேயே கிரீப்பர் சேதத்தை நிறுத்திவிடலாமே?

மாப்கிரீஃபிங்கை (ஆட்டத்து உயிரினங்கள் கட்டைகளை மாற்ற விடும் செட்டிங்) அணைத்தால் நிற்கும். கூடவே கிராமத்து ஆட்கள் பயிர் வைப்பதும் நிற்கும். ஒருவர் வம்புக்காக எல்லோர் விவசாயத்தையும் நிறுத்த வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தோம். வேண்டாம் என்றார்கள்.

எல்லா விதியையும் இப்படி மழுப்பலாக எழுதிவிட்டால் அட்மின் வைத்ததுதானே சட்டம்?

நல்ல பயம்தான். எனக்கும் உண்டு. அதனால் எண்ணில் சொல்ல முடிந்ததை எண்ணில்தான் சொல்கிறோம். ரூம் ஐடி எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் பிறகு ஆளை மாற்ற முடியாது, டீமில் எத்தனை பேர், புகார் கொடுக்கக் கடைசி நேரம் எது என்பவற்றில் ஒரு நிமிடம்கூட இழுபறி கிடையாது. (“9 மணின்னா யார் கடிகாரப்படி?” என்று ஒருவர் கேட்டார். டிஸ்கார்டில் செய்தி வந்த நேரப்படி.) மனிதர்கள் மனிதர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தை எண்ணில் எழுத முடியாது. அதை மட்டும் பொதுவாக எழுதி, தீர்ப்பு சொன்ன காரணத்தை எல்லோரும் பார்க்கிற சேனலில் போடுகிறோம்.

கேமே அனுமதிக்கிற ஒன்றை நீங்கள் எப்படித் தப்பு என்று சொல்லலாம்?

இந்தச் சண்டைக்கு உலக அளவில் ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 2014 நவம்பர், ஸ்வீடனில் ட்ரீம்ஹேக் விண்டர் போட்டி, கவுன்டர்-ஸ்ட்ரைக் கால் இறுதி. ஸ்வீடனின் ஃப்னாட்டிக், பிரான்ஸின் எல்.டி.எல்.சி. முடிவைத் தீர்மானிக்கும் மேப் (ஆட்டக் களம்) ஓவர்பாஸ். முதல் பாதி முடிந்தபோது எல்.டி.எல்.சி. 12–3 முன்னிலை. இரண்டாம் பாதியில் ஃப்னாட்டிக் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி, ஒரு வீரரைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பில் நிற்கவைத்தார்கள். அங்கிருந்து மேப்பின் பெரும்பகுதி அவருக்குத் தெரிந்தது. 16–13 என்று ஜெயித்தார்கள்.

கேம் அதை அனுமதித்தது. எந்த ஹேக்கும் இல்லை. ஆனால் தெரியாத விளிம்பில் நிற்பது போட்டி விதிப்படி தடை. எல்.டி.எல்.சி. புகார் கொடுத்தது. அவர்களும் ஒரு தடைசெய்யப்பட்ட பூஸ்ட்டை (ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்பது) எடுத்தார்கள் என்று எதிர்ப்புகார் வந்தது. கடைசியில் மேப்பையே மறுபடி ஆடச் சொன்னார்கள். ஃப்னாட்டிக் விலகிக்கொண்டது, எல்.டி.எல்.சி. கோப்பையையே வென்றது.

இந்தக் கதையைச் சொல்லி எங்களிடம் இரண்டு பக்கமும் வாதாடியிருக்கிறார்கள். கேம் என்ன அனுமதிக்கிறது என்பது புரோகிராமருக்கு என்ன தோன்றியது, என்ன தோன்றாமல் போனது என்பதைத்தான் காட்டும். போட்டி விதி வேறு ஏடு. எதிர்ப்புகார் வந்தபோது நடுவர்கள் அதைத் “திசைதிருப்பல்” என்று தள்ளிவிடாமல் எடுத்துப் பார்த்தார்கள் என்பது எனக்கு இதில் பிடித்த பகுதி.

பக் (கேமில் உள்ள கோளாறு) தானாக வந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை என்றாலும் விஷயம் முடிந்துவிடாது. 2020 செப்டம்பரில், பயிற்சியாளர் பார்க்கக் கூடாத இடங்களைப் பார்க்க விட்ட ஸ்பெக்டேட்டர் கேமரா பக் விவகாரத்தில் எசிக் என்ற ஈஸ்போர்ட்ஸ் நேர்மை அமைப்பு 37 சிஎஸ்:கோ (சிஎஸ்2க்கு முந்தைய பதிப்பு) பயிற்சியாளர்களுக்குத் தடை விதித்தது. தாமே முன்வந்து ஒப்புக்கொண்டவர்களுக்குத் தண்டனைக் குறைப்பு கிடைத்தது. எங்கள் குழுவிலும் அதே வழக்கம்: பக்கைப் பார்த்ததும் சொன்னால் நன்றி, பயன்படுத்திவிட்டுச் சொன்னால் அந்த ரவுண்டு மட்டும் போகும், பிடிபட்ட பிறகு சொன்னால் கதை வேறு.

அப்படியானால் அஸ்வின் பட்லரை ரன் அவுட் செய்ததும் தப்பா?

சென்னைக் குழுவில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? 2019 ஐபிஎல், ஜெய்ப்பூர். பந்து போடும் முன்பே கிரீஸைத் தாண்டிய பட்லரை பஞ்சாப் கேப்டனாக இருந்த அஸ்வின் அவுட் ஆக்கினார். விதியில் இருந்தது. 2022இல் கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்சிசி அந்த முறையை “நியாயமற்ற ஆட்டம்” என்ற 41ஆம் விதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் விதியான 38க்கே மாற்றிவிட்டது.

என் பார்வையில் அது விதண்டாவாதத்துக்கு நேர் எதிர். பகிரங்கமாகச் செய்தார், செய்ததைச் செய்தேன் என்றார், அதே நிலைப்பாட்டில் பல வருடம் நின்றார். விதியைக் கறாராகப் பயன்படுத்துவது பிடிக்காமல் போகலாம், அது ரசனை. எங்கள் கஸ்டமில் ரோஸ்டர் (டீம் ஆட்கள் பட்டியல்) கொடுக்கும் நேரம் தாண்டி வந்த டீமைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு கேப்டன் அடம் பிடித்தபோது எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அடுத்த மாதம் அவர் டீமே தாமதமாக வந்தபோது வாயே திறக்காமல் வெளியே போனார். அவரைத் திட்டியதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

கரண்ட் போச்சு, நெட் போச்சு. ரீமேட்ச் உண்டா?

முதல் ஃபைட்டுக்கு முன்னால் என்றால் உண்டு. அதற்குப் பிறகு கிடையாது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் போல ஊரே இருட்டில் கிடந்தால் போட்டியையே தள்ளிவைப்போம், அதற்கு விதி தேவையில்லை. தொல்லை வேறு இடத்தில். சிலருக்கு ஜெயிக்கும்போது நெட் பறக்கும், தோற்கும்போது மட்டும் பிங் (நெட் தாமதம், மில்லிவிநாடியில்) இருநூறைத் தொடும். பிங் காரணமாக முறையிடுபவர்கள் தோற்பதற்கு முன்னால் எடுத்த ஸ்கிரீன்ஷாட் கொடுக்க வேண்டும். சிஎஸ்2க்கு அதை உருவாக்கிய வால்வ் கம்பெனி சென்னையிலேயே சர்வர் வைத்திருக்கிறது. வேளச்சேரியில் உட்கார்ந்துகொண்டு அதில் தொடர்ந்து லேக் என்றால் உங்கள் வீட்டு வைஃபையைப் பாருங்கள்.

“போன மாசம் அவன் இதையே செஞ்சான், விட்டுட்டீங்களே?”

எரிச்சலூட்டும் கேள்வி, ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. ஏனென்றால் சில சமயம் அது உண்மை. அட்மினுடைய நண்பருக்கு ஒரு நியாயம், புதிதாக வந்தவருக்கு ஒரு நியாயம் என்பது எந்தக் குழுவிலும் நடக்கக்கூடியதுதான்.

நாங்கள் செய்வது இரண்டையும் பிரிப்பது. உங்கள் வழக்கு இன்றைக்கு முடியும். போன மாத வழக்கைத் தனிப் புகாராகக் கொடுங்கள், பழைய பதிவை எடுத்துப் பார்க்கிறோம். தன் தண்டனையைத் தள்ளிப்போட மட்டும் அதைச் சொன்னவர் தனிப் புகார் கொடுக்க வரவே மாட்டார். வந்தவர்கள் உண்டு, அவர்கள் சொன்னது சரியாக இருந்து பழைய தீர்ப்பு மாறியதும் உண்டு.

“சும்மா ஜோக்குக்குத்தானே சொன்னேன்” என்றால்?

வாய்ஸ் சேட்டில் ஏரியாவை வைத்து, சாதியை வைத்து, பெண் குரல் கேட்டதும் வருகிற பேச்சு. இதில்தான் நான் பொறுமை இழப்பேன். “வட சென்னைன்னு சொன்னது திட்டா? ஊர் பேர்தானே?” என்பார்கள். ஊர் பெயர்தான். அதை எந்தத் தொனியில், யார் வென்ற பிறகு சொன்னீர்கள் என்பது குரல் பதிவில் இருக்கிறது.

தடை செய்த வார்த்தைகளின் பட்டியலைக் காட்டு, அதில் இந்த வார்த்தை இல்லையே என்பது இன்னொரு வாதம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது ஒரே கெட்ட வார்த்தையை எத்தனை விதமாக எழுதலாம் என்று உங்களுக்கே தெரியும். ஓர் உயிரெழுத்தை இரட்டித்தால் ஆட்டோமாட் (டிஸ்கார்டின் தானியங்கி வடிகட்டி) கண்ணில் மண். பட்டியல் மெஷினுக்கு, மனிதர்களுக்கு அல்ல.

“வேடிக்கைக்குத்தானே” என்பது ஆட்டத்துக்குள்ளும் வரும். 2021 ஜூனில் கோவிட் நிவாரணத்துக்கு நிதி திரட்ட நம்ம ஊர் விஸ்வநாதன் ஆனந்த் பல பிரபலங்களுடன் ஆன்லைனில் செஸ் ஆடினார். அதில் ஒரு தொழிலதிபர் அவரை வென்றுவிட்டு, கம்ப்யூட்டர் உதவியோடு ஆடியதை மறுநாள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நன்கொடை ஆட்டம்தானே என்று பலர் பரிந்து பேசினார்கள். தான் பலகையில் இருந்த நிலையை ஆடியதாகவும் மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் சொன்னதோடு முடித்துக்கொண்டார். இதைவிடக் குறைவான சொற்களில் ஒரு அட்மின் தீர்ப்பு எழுத முடியுமா தெரியவில்லை.

கருத்துச் சுதந்திரம்?

பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் 19(1)ஐப் படித்தவர்கள் அப்படியே கீழே இறங்கி, அதற்கு வரம்பு சொல்லும் 19(2)ஐயும் படிக்கவும்.

தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம் கட்டலாமா? பணம் இல்லையே?

குழுவின் பெயரில் வேண்டாம். ஆன்லைன் பண விளையாட்டுக்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் தன் சட்டத்தில் ஈஸ்போர்ட்ஸை அங்கீகரித்து, பண விளையாட்டைத் தடை செய்தது. எது எதில் அடங்கும் என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து பிரியாணியை ஆராய எங்களுக்குத் தெம்பு இல்லை. என்ட்ரி ஃபீஸும் இல்லை, பந்தயமும் இல்லை. நண்பருக்கு நீங்களாக வாங்கித் தந்தால் எங்களையும் கூப்பிடுங்கள்.

தடை போட்டால் அப்பீல் உண்டா?

ஒரு முறை உண்டு. தீர்ப்பு சொன்ன அட்மின் அல்லாத வேறொருவர் பார்ப்பார். அத்தோடு சரி.

பெரிய கம்பெனிகள் இதில் பல வழி முயன்றிருக்கின்றன. வால்வின் வேக் (ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள்) தடை நிரந்தரம், பேரமே கிடையாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் 2011இலிருந்து சில வருடம் ட்ரிப்யூனல் என்று ஒன்று இருந்தது, ஆட்டக்காரர்களே வழக்கைப் படித்து வாக்களிப்பார்கள். 2014இல் அதை எடுத்துவிட்டார்கள். சிஎஸ்:கோவின் ஓவர்வாட்ச் முறையில் சந்தேகத்துக்குரியவரின் பெயரை மறைத்துவிட்டு ரீப்ளேயை மட்டும் காட்டினார்கள். அந்தப் பெயர் மறைப்பை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். அப்பீல் பார்ப்பவருக்கு முடிந்தவரை பெயர் இல்லாமல்தான் கிளிப் போகும். சின்னக் குழு, குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது தெரியும். இருந்தாலும் பரவாயில்லை.

அட்மினே விதண்டாவாதம் செய்தால்?

செய்வார்கள். அட்மின் செய்யும் விதண்டாவாதத்துக்குப் பெயர் வேறு: “ஆட்டிட்யூட் சரியில்லை.” ஒருவர் நியாயமான குறையோடு வருகிறார். எழுதத் தெரியவில்லை, கோபத்தில் நாலு மெசேஜ் அடுத்தடுத்துப் போடுகிறார். அட்மின் குறையைத் தொடாமல் தொனியை மட்டும் பிடித்துக்கொண்டு மியூட் போட்டுவிடுகிறார். அதுவும் திசைதிருப்பல்தான். விதண்டாவாதி என்ற முத்திரை அட்மின் கையில் கிடைக்கிற மிகச் சோம்பேறித்தனமான ஆயுதம்.

எனவே ஒரு கட்டுப்பாடு. “இவர் வம்புக்காகப் பேசுகிறார்” என்று ஒரு அட்மின் முடிவு கட்டுவதற்கு முன், அவர் கேட்ட கேள்வியைத் தன் வார்த்தையில் ஒரு முறை எழுதி, “நீங்கள் கேட்பது இதுதானா?” என்று உறுதி செய்து, அதற்கு நேரான பதிலைப் போட்டிருக்க வேண்டும். பதில் இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டாமல் யாரையும் மியூட் செய்ய முடியாது. இது அட்மின்களுக்குக் கடுப்பான வேலை. இரவு ஒரு மணிக்கு இன்னும் கடுப்பு. ஆனால் இதைச் செய்யும்போதுதான் பல சண்டைகளில் கேள்வியையே தப்பாகப் படித்திருந்தோம் என்று தெரிய வந்தது.

பதில் சொன்ன பிறகு அதே கேள்வி வேறு சட்டை போட்டு வந்தால், இணைப்பைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவோம். மூன்றாவது விளக்கம் கிடையாது. மௌனத்தைத் தோல்வி என்று எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

சண்டை நடக்கும்போது வேடிக்கை பார்க்கிற நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பாப்கார்ன் எமோஜி போடாதீர்கள். விதண்டாவாதி அட்மினோடு பேசுவது போலத் தெரிந்தாலும் அவர் பேசுவது உங்களோடுதான். கூட்டம் கலைந்தால் பாதிச் சண்டை தானாகப் படுத்துவிடும்.

சம்பவத்தை நேரில் பார்த்திருந்தால் பொதுச் சேனலில் சாட்சி சொல்ல வேண்டாம், டிக்கெட் (தனிப் புகார்) திறந்து கிளிப்பைப் போடுங்கள். சம்பவத்துக்குப் பத்து விநாடி முன்னாலிருந்து வெட்டுங்கள், கில் ஃபீட் (யார் யாரை வீழ்த்தினார் என்று திரையில் வரும் பட்டியல்) தெரியட்டும், மேட்ச் நேரம் மறையாமல் இருக்கட்டும். உங்கள் நண்பருக்குப் பாதகமான கிளிப் என்றாலும் அனுப்புங்கள். யார் அனுப்பினார்கள் என்று சொல்ல மாட்டோம்.